வீட்டிலேயே என்ஜினைச் சுத்தம் செய்யலாமா? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறி இறங்கும் காருக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். அஸ்தம்பட்டியில் வீடு, ஏழு வருடப் பெட்ரோல் கார், வாராவாரம் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் பக்கம் உள்ள காப்பித் தோட்டத்துக்குப் போய் வருகிறீர்கள். வாட்டர் வாஷ் கடையில் என்ஜினுக்கு டீசல் அடித்து, பிரஷர் தண்ணீரில் கழுவி, பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். அதை வீட்டிலேயே செய்ய முடியுமா? வேறு என்ன வேலைகளை நாமே பார்க்கலாம்? அப்புறம் மலை இறங்கி அடிவாரம் வந்ததும் ஒரு கருகல் வாசனை வருகிறது, அது எதனால்?

கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, இது தள்ளிப் போகக் கூடாது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள கார் இந்த 1,200 மீட்டரை இறங்கும்போது விடுகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை என்ஜின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்தாலோ, நாலாவது கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாலோ, அத்தனை சூடும் உள்ளங்கை அகலப் பிரேக் பேடுகளில்தான் போய் இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவையும் அப்படியே கடந்து வந்தால் வாசனை வராமல் இருக்காது.

ஏறும்போது எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டாவது, சில இடங்களில் மூன்றாவது. ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் மேனுவல் நிலைக்கோ 'எல்' நிலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வந்தால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் நிலைமை நேர் எதிர். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். சாவியை அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வேக்குவமும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்தே போய்விடும்.

வாசனை பேடோடு நின்றால் பிழைத்தோம். சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறினால்தான் ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 வகைக்கு அதே கணக்கு 230, 155. கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு போலத் தரைவரைக்கும் போய்விடும், வண்டி நிற்காது. ஏற்காட்டு மூடுபனியில் வாராவாரம் நிற்கிற வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயில் மாற்றுவது கட்டாயம் என்றே சொல்வேன். ஆனால் இதை வீட்டில் செய்ய வேண்டாம். உள்ளே துளிக் காற்று தங்கினாலும் பிரேக் கெட்டுவிடும். நல்ல மெக்கானிக்கிடம் விட்டு, டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த முறை இறங்கியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் குனிந்து முகர்ந்து பாருங்கள், கையை வைக்காதீர்கள். முன்சக்கரம் இரண்டிலும் ஒரே அளவு வாசனை என்றால் நீங்கள் ஓட்டும் முறையை மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இறுகியிருக்கிறது, மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவதை அடிவாரத்தில் அடிக்கடி பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும்.

சரி, சக்கரங்களில் வாசனை இல்லை, பானெட்டைத் திறந்தால்தான் வருகிறது என்றால்? அப்போது சந்தேகம் ஆயில் மேல் போகும். என்ஜின் தலையில் உள்ள டேப்பெட் கவரின் கேஸ்கெட் வருடங்கள் ஆக ஆகக் கட்டிப்பட்டுக் கசிய ஆரம்பிக்கும். கசிகிற ஆயில் சொட்டுச் சொட்டாக, என்ஜின் புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டில் விழுந்து கருகும். மலையேறும்போது என்ஜின் முழுச் சுமையில் இழுப்பதால் மேனிஃபோல்டு அதிகம் சூடாகும், வாசனையும் கூடும். கசிவு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் போனால் என்ஜின் முழுக்கத் தூசியும் பிசுக்கும் கலந்த கறுப்புக் கூழ். எது பழைய அழுக்கு, எது புதுக் கசிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ஜினைச் சுத்தம் செய்யச் சொல்வதே இதற்காகத்தான். பானெட்டைத் திறந்து காட்டினால் பளபளவென்று இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல. சுத்தமான என்ஜினில் புதிதாக ஒரு துளி ஆயில் வந்தாலும் மறுவாரமே கண்ணில் படும். வாட்டர் வாஷ் கடையில் அடிக்கிற பாலிஷ் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. எல்லா இடத்திலும் ஒரே எண்ணெய்ப் பளபளப்பு ஏறி, கசிவு இருந்தாலும் அதில் மறைந்துவிடும். போதாக்குறைக்கு அந்தப் படலம் தூசியை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கருப்பூர் வழியாகவோ மேக்னசைட் சுரங்கப் பக்கமாகவோ அடிக்கடி போகிறவர்களுக்கு அந்த வெள்ளைத் தூசி தெரிந்திருக்கும். எண்ணெய்ப் படலத்தின் மேல் அது படிந்து இறுகினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

டீசல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அழுக்கை எடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் ஹோஸ், என்ஜின் மவுண்ட், புஷ் எல்லாம் அவை பட்டு ஊறி உப்பி இளகும். மீதியிருக்கும் டீசல் மேனிஃபோல்டு சூட்டில் புகையும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதன் ஆவிக்குப் பேட்டரி டெர்மினலில் வரும் ஒரு பொறியே போதும்.

பிரஷர் வாஷும் வேண்டாம். வீட்டுக்கு வாங்குகிற சின்ன பிரஷர் வாஷரே 100 பார் அழுத்தத்தைத் தாண்டும். காரில் உள்ள கனெக்டர்கள், சென்சார்கள் மழைத் தண்ணீர் தெறித்தால் தாங்கும்படி செய்யப்பட்டவை, ஒரு அடி தூரத்தில் இருந்து இந்த வேகத்தில் பாய்கிற தண்ணீருக்காக அல்ல. கழுவிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஈரம் உள்ளே தங்கிப் பின்கள் பச்சை பிடித்து, சில மாதம் கழித்து என்ஜின் லைட் எரியும். அப்போது யாருக்கும் வாட்டர் வாஷ் நினைவுக்கு வராது.

ஆகவே என் பதில்: ஆம், வீட்டிலேயே செய்யலாம், செய்வதே நல்லது. ஆனால் கழுவாதீர்கள், துடையுங்கள். உங்கள் கார் ஹைப்ரிடாகவோ மின்சாரக் காராகவோ இருந்தால் மட்டும் இந்த ஆலோசனை பொருந்தாது. உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் தெரிகிற வண்டியில் மேலே கிடக்கும் இலைகளைப் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. பழைய பெயின்ட் பிரஷ் ஒன்று, டூத் பிரஷ் ஒன்று, நாலைந்து மைக்ரோஃபைபர் துணி, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரேயர், எண்ணெய்ப் பிசுக்கை இளக்கும், தண்ணீரில் கரையும் டீகிரீசர் ஒரு பாட்டில், ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் பைகள், டார்ச். டீகிரீசர் கிடைக்கவில்லையென்றால் கார் ஷாம்புவைக் கொஞ்சம் கெட்டியாகக் கலந்தாலும் போதும், தேய்ப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் வேண்டாம். அவற்றில் உள்ள உப்பும் காரமும் அலுமினியத்துக்கு ஆகாது.

தண்ணீர்தான் சேலத்தில் யோசிக்க வேண்டிய விஷயம். பல வீடுகளில் போர் தண்ணீர் அவ்வளவு உப்பு. குழாயிலும் கெய்சரிலும் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே என்ஜினில் தெளித்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள் நிற்கும், கனெக்டர் பின்னில் போனால் அரிப்பும் வரும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சேர்த்து வைத்து வண்டி கழுவுகிறவர்கள் உண்டு. அது போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், வண்டிக்கு வேண்டாம். மேட்டூர் தண்ணீர் வருகிற நாளில் இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் துடைப்பதற்கு அருமையானது, உப்பே இருக்காது. ஆனால் பேட்டரிக்குள் மட்டும் ஊற்றாதீர்கள். ஏ.சி. காயிலின் தூசியும் உலோகத் துகளும் அதில் இருக்கும்.

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால், நிழலில் ஆரம்பியுங்கள். என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம், ஆக்சிஜன் சென்சாரும் கெடலாம். போதாததற்கு டீகிரீசர் போட்ட உடனே காய்ந்து கறையாக நின்றுவிடும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றித் தள்ளி வையுங்கள். ஆடியோவுக்கு ரகசிய எண் கேட்கும் வண்டியாக இருந்தால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உலர் வேலை. வைப்பர்களுக்குக் கீழே கண்ணாடியை ஒட்டி ஒரு பள்ளம் இருக்கும். தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்துகிற வண்டியில் அந்தப் பள்ளம் முழுக்க இலை அடைத்திருக்கும். சில்வர் ஓக் இலை உதிர்ந்து காய்ந்தால் நார் நாராகப் பிரிந்து, மழை பட்டதும் மெத்தை மாதிரி அப்பிக்கொள்ளும். பள்ளத்தின் இரண்டு ஓரத்திலும் தண்ணீர் கீழே போகும் ஓட்டை உண்டு. அது அடைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி, ஏ.சி. காற்று உள்ளே போகும் வழியாகவே காருக்குள் இறங்கும். பக்கத்து இருக்கைக்காரரின் கால் மேட் ஏன் நனைகிறது என்று தெரியாமல் கதவு ரப்பரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். இலைகளைக் கையால் அள்ளிவிட்டு, ஓட்டையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துக்குப் பின்னால் தரையில் வடிகிறதா என்று பாருங்கள். பருவமழைக் காலத்தில் இதை மட்டும் மாதம் ஒருமுறை செய்தாலே பெரிய செலவு ஒன்று தப்பும்.

இலை போன பிறகு உலர்ந்த பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் கூடவே பிடித்துக்கொள்ளலாம். பாதி அழுக்கு இந்தக் கட்டத்திலேயே போய்விடும்.

பிறகு மூட வேண்டியவற்றை மூடுங்கள். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், என்ஜின் கம்ப்யூட்டர், ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று போகும் வாய், ஸ்பார்க் பிளக்குகளின் மேல் உட்கார்ந்திருக்கும் இக்னிஷன் காயில்கள். பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்டால் கட்டினால் போதும். ஆயில் ஊற்றும் மூடியும் டிப்ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

டீகிரீசரை நேராக என்ஜின் மேல் பீய்ச்சாமல் பிரஷிலோ துணியிலோ எடுத்துத் தடவுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஊற விடுங்கள், காய விடாதீர்கள். பிசுக்கு இளகியதும் பிரஷால் தேய்த்து, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து எடுங்கள். துணியை அடிக்கடி அலசி மறுபடியும் துடையுங்கள். மூலை முடுக்கில் டூத் பிரஷ் போகும். கீழ்ப்பகுதியில் சேறு கட்டியாக இருந்தால் செடி ஸ்பிரேயரில் பனி போலத் தெளித்து ஊறவைத்துத் துடைக்கலாம். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டன்சரும் மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனவை, பிரஷ் போட்டால் மடங்கிவிடும். அங்கே மட்டும் தோட்டக் குழாயில் தண்ணீரை மெதுவாக விட்டுப் பூச்சிகளையும் தூசியையும் கழுவுங்கள். கை போகிற வண்டியாக இருந்தால் உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக விடுங்கள். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும்.

துடைக்கும்போதே கண் வேலை செய்ய வேண்டும். டேப்பெட் கவரின் விளிம்பு, ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ரேடியேட்டர் ஹோஸ் கிளாம்ப் மாட்டியிருக்கும் இடம், வாட்டர் பம்ப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ உப்பு பூத்தது போல் இருந்தால் அங்கே கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிந்து காய்ந்திருக்கிறது. ஹோஸை விரலால் அமுக்கினால் மெத்தென்று மீண்டு வர வேண்டும், மொறமொறவென்று இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பெல்ட்டின் உள்பக்கப் பள்ளங்களில் குறுக்கே வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட் மேல் டீகிரீசரோ பாலிஷோ படக் கூடாது.

கடைசியில் உலர்த்துவது. வீட்டில் ப்ளோயர் இருந்தால் கனெக்டர், பிளக் குழி, ஃபியூஸ் பாக்ஸ் ஓரம் என்று பொறுமையாகக் காற்று விடுங்கள். இல்லையென்றால் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, பைகளை நீக்கி, பானெட்டைத் திறந்தே ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள். சேலத்து வெயிலுக்கு அது தாராளம். நெகட்டிவ் டெர்மினலை மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் சில நிமிடம் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம், தானாகச் சரியாகிவிடும். வண்டி நடுங்கி, என்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தால் உடனே அணையுங்கள். பெரும்பாலும் பிளக் குழிக்குள் தண்ணீர் போயிருக்கும். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், அது விலை கூடின சாமான். காயிலைக் கழற்றி உலர்த்திவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டி, ஒரு தடவை ஏற்காடும் போய் வந்த பிறகு பானெட்டைத் திறந்து அதே இடங்களை டார்ச்சில் பாருங்கள். இந்தப் பார்வைக்காகத்தான் இத்தனை பாடும். கூடவே இரவில் வண்டிக்குக் கீழே ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். பழுப்போ கறுப்போ சொட்டினால் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு நிறத்தில் பிசுபிசுத்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் வெளிர் மஞ்சளாக வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயில், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் என்றால் அது ஏ.சி., கவலை வேண்டாம்.

இனி மற்ற வேலைகள். கூலன்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் நம் ஊரில் சர்வசாதாரணம். கெய்சரில் படிகிற அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் என்ஜினுக்குள்ளும் படியும். சமதளத்தில் தெரியாது. மே மாத வெயிலில், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது முள் சிவப்புக்குப் போகும். உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஏற்காட்டில் சுமார் 95 டிகிரியிலேயே. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, மூடியின் அழுத்தமும் சரியாக இருந்தால் கொதிநிலை 120 டிகிரியைத் தாண்டிப் போகும். அதனால் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள், சின்னச் செலவுதான். ஆறிய என்ஜினில், கூலன்ட் நிற்கும் வெள்ளை டப்பாவின் இரண்டு கோட்டுக்கும் நடுவில் அளவு இருக்கட்டும். ஏற்கெனவே இருக்கிற வகையையே ஊற்றுங்கள், பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். வழியில் சூடேறினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுக்க வைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிக்கும் திரவம் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

என்ஜின் ஆயிலுக்குச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருந்தால் போதும், மேல் குறியைத் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான். மூடியின் உள்பக்கமும் டிப்ஸ்டிக்கும் காப்பியில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், உடனே காட்டுங்கள். மலையேறுகிற வண்டிக்குக் கெட்டியான ஆயில் போட வேண்டும் என்பார்கள். தேவையில்லை. ஏற்காட்டுக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் ரகமே சரி.

பேட்டரியைக் கெடுப்பது மலைக் குளிரைவிடச் சேலத்து வெயில். வண்டியை இரவு முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். என்ஜின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டரே இதைக் கூட்டிக் குறைக்கும். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் நெகட்டிவை முதலில், பாசிட்டிவைப் பிறகு கழற்றி, சமையல் சோடா கலந்த வெந்நீரில் பழைய பிரஷால் தேய்த்துத் துடைத்து, திரும்ப மாட்டும்போது பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் மறுபடி பூக்க நாளாகும்.

ஏர் ஃபில்டரை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எடுத்துத் தரையில் மெதுவாகத் தட்டுங்கள், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லையென்றால் புதிது போடுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. ஏ.சி. ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

டயர் காற்றைக் காலையில் சேலத்திலேயே, டயர் சூடாவதற்கு முன், டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். மேலே போனதும் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 2 பி.எஸ்.ஐ. கூடித் தெரியும், மேலே பத்து டிகிரி குளிர்ந்தால் அதில் ஒன்றரை குறைந்துவிடும். கணக்கு நேராகிவிடுகிறது. டயர் பள்ளத்துக்குள் குறுக்கே மேடாகத் தெரியும் குறி 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அதற்குச் சமமாகத் தேய்ந்திருந்தால் அந்த டயரோடு ஈர மலைப்பாதையில் போகாதீர்கள். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

தோட்டத்தில் இரவு நிறுத்தினால் எலி வரும். காப்பி, பலா, மிளகு எல்லாம் உள்ள இடத்தில் அதைத் தவிர்க்க முடியாது. புகையிலைக் காம்பைத் துணியில் கட்டி பானெட்டுக்குள் வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். வாசனை இருக்கும்வரை ஓரளவு உதவும், மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அதைவிட உறுதியானது காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து பார்ப்பது. இலைக்கூடு, எச்சம், கடித்த ஒயர் தெரிந்தால் அப்படியே ஸ்டார்ட் செய்து இறங்காதீர்கள். கடித்த ஒயரை டேப் சுற்றி ஒப்பேற்றாமல் எலக்ட்ரீஷியனிடம் சரியாக இணைத்து வாங்குங்கள்.

வீட்டில் தொடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரேக்கைப் பிரிப்பது, பெட்ரோல் லைன், ஏ.சி. கேஸ், ஏர்பேக், டைமிங் பெல்ட். வண்டியோடு வருகிற ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டாதீர்கள். அது டயர் மாற்ற மட்டும்தான். சரிவில் ஜாக்கி போடவே வேண்டாம்.

ஆயில் மாற்றுவதையும் பட்டறையில் விடுங்கள் என்பேன், காரணம் பழைய ஆயில். வீட்டில் மாற்றினால் நாலு லிட்டர் கறுப்பு ஆயில் கையில் நிற்கும், அது கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும். சேலத்துச் சாக்கடைகள் திருமணிமுத்தாற்றில் கலக்கின்றன. சேர்வராயன் மலையில், நீங்கள் வாராவாரம் போகிற அதே மலையில் பிறக்கிற ஆறு அது, போய்ச் சேர்வது காவிரியில். மீறி வீட்டில் மாற்றினால் ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, ஆயில் திரும்ப எடுக்கும் பட்டறையில் கொடுங்கள். என்ஜின் துடைத்த பிசுக்குத் தண்ணீரையும் செடிக்கு ஊற்றாதீர்கள். வாளியில் மரத்தூளைப் போட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், அதை அள்ளிப் பையில் கட்டி அந்தக் கேனோடு சேர்த்தே பட்டறையில் கொடுத்துவிடலாம். பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டவே கூடாது. அது இனிப்பாக இருக்கும், தெருநாய்கள் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கீழே சிந்தினால் முதலில் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.